தங்க நகை வாங்கப் போறீங்களா? 916 முத்திரையைப் பார்த்தது போதாது, பில்லையும் பாருங்க

2025-ஆம் ஆண்டு தொடங்கியபோது சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 57 ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து "கல்யாணத்துக்கு ஒரு அஞ்சு பவுன் எடுத்துடலாம்" என்று கணக்குப் போட்டவர்களுக்கு அந்தக் கணக்கே மாறிப்போனது.

விலை இவ்வளவு ஏறிய பிறகு நகைக்கடையில் நாம் செய்யும் சின்னத் தவறுக்கும் விலை ஏறிவிட்டது. முன்பு ஆயிரம் ரூபாயோடு போன தவறு, இன்று ஐயாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு போகிறது.

நகை வாங்கும்போது பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது 916 தானே?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஹால்மார்க் கட்டாயமான பிறகு அந்தக் கேள்விக்கான பதிலை உங்கள் போனிலேயே சரிபார்த்துவிடலாம். பணம் அதிகமாகப் போவது இப்போது வேறு இடத்தில். பில்லில் "சேதாரம்" என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான்.

தரத்தை எப்படிச் சரிபார்ப்பது, விலையை எப்படி ஒப்பிடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

916 என்றால் என்ன?

சுத்தத் தங்கம் 24 காரட். அது மிகவும் மிருதுவானது. அதில் செயின் செய்தால் வளையும், கல் பதித்தால் கல் நிற்காது. அதனால் செம்பு, வெள்ளி, துத்தநாகம் போன்ற உலோகங்களைக் கொஞ்சம் கலக்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருந்தால் அது 22 காரட். ஆயிரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் 916 பங்கு தங்கம். அந்த எண்தான் நகையில் பொறிக்கப்படுகிறது.

அதே கணக்கில் 18 காரட் என்றால் 750, 14 காரட் என்றால் 585. 2025 ஜூலையில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ், 9 காரட்டையும் ஹால்மார்க் பட்டியலில் சேர்த்தது. அதன் எண் 375. அதாவது ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம்.

நம் ஊரில் தரத்தை "மாற்று" என்று சொல்வது பழைய வழக்கம். "பத்தரை மாத்துத் தங்கம்" என்று ஒருவரைப் புகழ்கிறோமே, அது உரைகல்லில் உரசிப் பார்த்துத் தரம் சொன்ன காலத்தின் சொல். இன்று உரைகல்லின் வேலையைக் கடைகளில் காரட் மீட்டர் செய்கிறது. எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, நகையில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சில நொடிகளில் சொல்லிவிடும்.

ஆனால் ஒரு விஷயம். காரட் மீட்டர் பார்ப்பது நகையின் மேற்பரப்பை மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்ரே சோதனையோடு நிறுத்தாமல், மாதிரி நகையிலிருந்து சிறு துண்டு வெட்டி, உருக்கி, மற்ற உலோகங்களைப் பிரித்து, மிஞ்சும் தங்கத்தை எடை போடுகிறார்கள். துல்லியமான முறை அதுதான்.

"கேடிஎம் நகை சார், நல்ல தரம்" என்று சொன்னால்?

இதை இன்னும் சில இடங்களில் கேட்கலாம். கேடிஎம் என்பது தரச் சான்று கிடையாது. காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகை என்று மட்டுமே அதற்கு அர்த்தம். பழைய பற்றவைப்பில் நகையின் தரம் குறைந்தது, காட்மியம் வந்ததும் அந்தக் குறை நீங்கியது. அதனால் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை வந்தது. ஆனால் காட்மியப் புகை, பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். "கேடிஎம்" என்ற சொல்லை நம்பி நகை வாங்கத் தேவையில்லை. பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹால்மார்க்கில் என்னென்ன இருக்க வேண்டும்?

இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் திட்டம் 2000-இல் தொடங்கியது. அப்போது விருப்பப்பட்ட கடைகள் மட்டும் பதிவு செய்துகொண்டன. 2021 ஜூன் 16 முதல், முதல் கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமானது. அதன்பின் படிப்படியாக மற்ற மாவட்டங்களும் சேர்ந்தன. 2023 ஏப்ரல் 1 முதல், ஹெச்யுஐடி என்ற 6 இலக்க அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது.

இப்போது வாங்கும் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்.

1. முக்கோண வடிவ பிஐஎஸ் சின்னம்.
2. தரம். 22 காரட் என்றால் 22கே916 என்று இருக்கும்.
3. ஹெச்யுஐடி. எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கம். ஆதார் எண் போல ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி.

இவை கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். கடையில் பூதக்கண்ணாடி கேளுங்கள். தயங்க வேண்டாம், அதைக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பிறகு போனில் "பிஐஎஸ் கேர்" செயலியைத் திறந்து, ஹெச்யுஐடி சரிபார்க்கும் பகுதியில் அந்த 6 இலக்கத்தைப் போடுங்கள். என்ன வகை நகை, என்ன தரம், எந்த மையத்தில் எப்போது சோதிக்கப்பட்டது, சோதனைக்கு அனுப்பிய நகை வணிகர் யார் என்ற விவரங்கள் வரும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

கையில் இருப்பது செயின், செயலியில் மோதிரம் என்று வந்தால் அந்த நகையைக் கீழே வைத்துவிடுங்கள். வேறொரு நகையின் எண்ணை எடுத்துப் பொறித்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் செயலியில் வரும் வணிகர் பெயரும் நீங்கள் நிற்கும் கடையின் பெயரும் வேறாக இருந்தால் உடனே பதறத் தேவையில்லை. மொத்த வியாபாரியோ தயாரிப்பாளரோ ஹால்மார்க் செய்து, அதைக் கடைக்கு விற்றிருக்கலாம். "இது யாருகிட்ட வாங்கினது?" என்று கேட்டால் கடைக்காரர் விளக்கம் சொல்ல வேண்டும்.

எல்லா நகைக்கும் ஹால்மார்க் உண்டா?

இல்லை. 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்குக் கட்டாயம் கிடையாது. மூக்குத்தி, காதுகுத்துக்கு வாங்கும் குட்டிக் கம்மல் எல்லாம் இதில் வந்துவிடும். குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கும் விலக்கு உண்டு. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு கடைகளுக்கும் விலக்கு உண்டு. இந்த இடங்களில் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் பில்தான். அதில் காரட் எவ்வளவு என்று எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அம்மாவிடமும் பாட்டியிடமும் இருக்கும் பழைய நகையில் ஹெச்யுஐடி இருக்காது. "இனி இதை விற்கவே முடியாதா?" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. கட்டாயம் என்பது கடைக்காரர் நமக்கு விற்பதற்குத்தான். நாம் பழைய நகையை விற்கலாம், மாற்றலாம், அடகும் வைக்கலாம்.

சரி, தரம் ஓகே. அப்புறம் எங்கே பணம் போகிறது?

ஹால்மார்க் முத்திரை நகையின் தரத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். எடைக்கும் அது பொறுப்பில்லை, விலைக்கும் பொறுப்பில்லை. முத்திரை உள்ள நகையைக்கூட நீங்கள் மிக அதிக விலை கொடுத்து வாங்கிவிட முடியும்.

சேதாரம் எப்படி வந்தது என்று தெரிந்தால் இது புரியும். முன்பு வீட்டிலிருந்து தங்கத்தைக் கொண்டுபோய் ஆசாரியிடம் கொடுத்து நகை செய்வார்கள். கம்பி இழுக்கும்போது, அரத்தால் ராவும்போது, பற்றவைக்கும்போது, மெருகு போடும்போது கொஞ்சம் தங்கம் பொடியாகப் போகும். 8 கிராம் கொடுத்தால் 8 கிராம் நகை வராது. அந்தக் குறைவுதான் சேதாரம். அவருடைய உழைப்புக்குக் கொடுக்கும் கூலி தனி. அது செய்கூலி.

இன்று நிலைமை வேறு. ஏராளமான செயின்களும் வளையல்களும் இயந்திரத்தில் தயாராகின்றன. பட்டறையில் விழும் பொடியைக் கூட்டிச் சேர்த்து, கழுவி, உருக்கித் தங்கத்தை மீட்டுவிடுகிறார்கள். பொடியாகப் போவதெல்லாம் வீணாகப் போவதில்லை. ஆனால் பில்லில் சேதாரம் என்ற சொல் மட்டும் மாறவில்லை. 8 சதவீதம், 12 சதவீதம், வேலைப்பாடு அதிகம் என்றால் 20 சதவீதத்துக்கும் மேல் என்று போகிறது. கடை வாடகை, விளம்பரம், ஊழியர் சம்பளம், லாபம், வேலைக்கூலி எல்லாம் சேர்ந்த ஒரு தொகைக்கு இன்று அதுதான் பெயர். சில கடைகள் இதையே "விஏ" என்று பில்லில் போடுகின்றன.

கடை லாபம் வைப்பது தப்பில்லை. எந்த வியாபாரத்திலும் லாபம் உண்டு. இங்கே பிரச்சினை, அது சதவீதமாக வசூலிக்கப்படுவதுதான்.

சவரன் 57 ஆயிரமாக இருந்தபோது 18% சேதாரம் என்றால் சுமார் 10,260 ரூபாய். சவரன் ஒரு லட்சம் ஆனதும் அதே 18% என்பது 18,000 ரூபாய். செயின் அதே செயின், மாடல் அதே மாடல், அதைச் செய்யப் பிடித்த நேரமும் அதே நேரம். ஆனால் செய்து கொடுத்ததற்கான கட்டணம் மட்டும் 75 சதவீதம் ஏறிவிட்டது. "தங்கம் விலை ஏறிப்போச்சு" என்று நாம் புலம்பும்போது, தங்கத்தோடு சேர்ந்து சத்தமில்லாமல் ஏறியது இதுவும்தான். உண்மையிலேயே தங்கம் வீணாகிறது என்றால் சதவீதக் கணக்கில் நியாயம் இருக்கிறது. கூலிக்கும் லாபத்துக்கும் அந்த நியாயம் பொருந்தாது.

சேதாரம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டத்தில் உச்சவரம்பு எதுவும் இல்லை. அதனால் பேரம் பேச இடம் இருக்கும் ஒரே வரியும் இதுதான். தங்கத்தின் விலை உலகச் சந்தை, டாலர் மதிப்பு, இறக்குமதி வரி ஆகியவற்றைப் பொறுத்தது. ஜிஎஸ்டி அரசு நிர்ணயிப்பது. அவற்றில் நீங்கள் எதுவும் செய்ய முடியாது. சேதாரத்தில் முடியும்.

ஒரே செயின், இரண்டு கடை: கணக்கைப் பாருங்க

எளிதாகப் புரிய, 22 காரட் ஒரு கிராம் 12,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன், அதாவது 8 கிராம், ஒரு லட்சம். வாங்குவது கல் இல்லாத 8 கிராம் செயின்.

முதல் கடை: "செய்கூலியே கிடையாது மேடம்" என்கிறார்கள். சேதாரம் 18%.
- தங்கம்: ரூ.1,00,000
- சேதாரம்: ரூ.18,000
- ஜிஎஸ்டி 3%: ரூ.3,540
- மொத்தம்: ரூ.1,21,540

இரண்டாவது கடை: சேதாரம் 10%, செய்கூலி கிராமுக்கு 400 ரூபாய்.
- தங்கம்: ரூ.1,00,000
- சேதாரம்: ரூ.10,000
- செய்கூலி: ரூ.3,200
- ஜிஎஸ்டி 3%: ரூ.3,396
- மொத்தம்: ரூ.1,16,596

வித்தியாசம் 4,944 ரூபாய். "செய்கூலி இல்லை" என்று சொன்ன கடையில்தான் அதிகம். இரண்டு நகையும் 916, இரண்டிலும் ஹெச்யுஐடி உண்டு, இரண்டிலும் இருக்கும் தங்கம் ஒரே அளவு.

ஜிஎஸ்டியைக் கவனித்தீர்களா? அது தங்கத்தின் மதிப்புக்கு மட்டும் அல்ல, சேதாரமும் செய்கூலியும் சேர்ந்த மொத்தத்துக்கும் விழுகிறது. சேதாரத்தைக் குறைத்தால் அதன் மேல் விழும் வரியும் குறையும். இது தவிர ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும் இருக்கும். "ஹால்மார்க் சார்ஜ்" என்று யாராவது நூற்றுக்கணக்கில் போட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கடைகளை ஒப்பிட ஒரே ஒரு எண் போதும். மொத்த பில் தொகையை நகையின் நிகர தங்க எடையால் வகுங்கள். முதல் கடையில் கிராமுக்கு 15,192 ரூபாய், இரண்டாவதில் 14,574 ரூபாய். சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். ஒரே நாளில், ஒரே மாதிரி மாடலுக்கு, இந்த எண் எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள்.

விளம்பரத் தள்ளுபடிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

"கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி!" என்று பேனர் இருக்கும். 8 கிராமுக்கு 800 ரூபாய். மேலே சொன்ன விலையில் 1% சேதாரம் என்பதே 1,000 ரூபாய். ஆக, பேனரில் பெரிய எழுத்தில் இருக்கும் தள்ளுபடி, சேதாரத்தில் 1 சதவீதத்துக்குக்கூட ஈடாகவில்லை.

"சேதாரத்தில் 50% தள்ளுபடி!" எதிலிருந்து 50%? சோப்பு, பிஸ்கட்டுக்கு இருப்பதுபோல் சேதாரத்துக்கு எம்ஆர்பி கிடையாது. 24 சதவீதத்தில் பாதி குறைத்தாலும் 12 சதவீதம் வந்துவிடும். பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாமல் 11 சதவீதத்துக்குக் கிடைக்கலாம்.

"ஜீரோ சேதாரம்!" என்றால் செய்கூலி எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு, கிராம் விலை அன்றைய சந்தை விலைதானா என்று பாருங்கள். சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் அறிவிக்கும் அன்றைய விலை செய்திகளில் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கல் வைத்த நகையில் கூடுதல் கவனம்

விலை ஏறிய பிறகு பெரிய ஓட்டை இதுதான். நெக்லஸோ ஆரமோ 24 கிராம் இருக்கிறது. அதில் கல், எனாமல், உள்ளே வைத்த அரக்கு எல்லாம் சேர்ந்து 3 கிராம். தங்கம் 21 கிராம்தான். ஆனால் 24 கிராமுக்கும் தங்க விலை போட்டால் என்ன ஆகும்?

3 கிராமுக்குத் தங்க விலை 37,500 ரூபாய். அதன் மேல் 18% சேதாரம் 6,750. அதன் மேல் 3% ஜிஎஸ்டி. மொத்தம் 45,500 ரூபாய்க்கு மேல், சாதாரணக் கல்லுக்கும் அரக்குக்கும். விற்கப் போகும்போது அதே கல்லைக் கழற்றிவிட்டுத்தான் எடை போடுவார்கள். அப்போது அதற்கு மதிப்பு பூஜ்யம்.

ஹால்மார்க் நகைக்கான பில்லில் நகையின் விவரம், நிகர தங்க எடை, காரட்டும் தர எண்ணும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது பிஐஎஸ் விதி. மொத்த எடை, கல் எடை, நிகர எடை என மூன்றும் பில்லில் தெரிய வேண்டும். கல்லுக்கு விலை உண்டென்றால் அது தனி வரியில் வரட்டும்.

விற்கும்போது, அடகு வைக்கும்போது என்ன கிடைக்கும்?

"நகை வாங்கினா செலவு இல்ல, அது முதலீடு" என்று வீட்டில் சொல்வார்கள். பாதி உண்மை. நகைக்குள் இருக்கும் தங்கம் முதலீடு. சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி மூன்றும் செலவு. திரும்பி வராது.

முதல் கடையில் 1,21,540 ரூபாய் கொடுத்து வாங்கிய செயினை, அதே விலையில் திருப்பி விற்பதாக வைத்துக்கொள்வோம். தங்கத்தின் மதிப்பு ஒரு லட்சம். கடை 2% கழித்தால் கையில் வருவது 98,000. இழப்பு 23,540 ரூபாய். போட்ட பணமாவது திரும்ப வர வேண்டும் என்றால் தங்கம் விலை 24% ஏற வேண்டும். இரண்டாவது கடையில் வாங்கியிருந்தால் 19% ஏறினால் போதும். வாங்கும் அன்றே முடிவாகிவிடும் வித்தியாசம் இது.

வங்கியில் அடகு வைத்தாலும் இதே கதைதான். ரிசர்வ் வங்கி விதிப்படி நகையில் உள்ள தங்கத்தின் மதிப்பு மட்டுமே கணக்கில் வரும். கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் கடன் கிடையாது. 2025 ஜூனில் வந்த புதிய விதிகள், 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நுகர்வுக் கடனுக்குத் தங்க மதிப்பில் 85% வரை அனுமதிக்கின்றன. ஒரு லட்ச ரூபாய் தங்கத்துக்கு அதிகபட்சம் 85,000. நீங்கள் கொடுத்த 1,21,540 ரூபாயில் அது 70 சதவீதம்தான்.

அதனால் எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கல்யாணத்துக்கு, ஆசைக்கு, போட்டு அழகு பார்க்க என்றால் வேலைப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. நாகர்கோவில் கோயில் நகை போன்ற கைவேலைக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கலை அப்படித்தான் பிழைக்கும். ஆனால் "அவசரத்துக்கு உதவும்" என்பதற்காக மட்டும் வாங்குவதென்றால் சேதாரம் குறைந்த சாதாரண வளையல், செயின், அல்லது நாணயம் போதும். நாணயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. வங்கிகள் தங்க நாணயம் விற்கும், ஆனால் திரும்ப வாங்காது. நாணயத்தை வைத்திருந்து பின்னால் நகையாக மாற்றினால், அப்போதும் சேதாரமும் ஜிஎஸ்டியும் கட்டித்தான் ஆக வேண்டும்.

18 காரட், 9 காரட் வாங்கலாமா?

விலை ஏறியதால் இவை இப்போது பேசப்படுகின்றன. தினசரி ஆபீஸுக்குப் போடும் மெல்லிய நகைக்கும் கல் வைத்த மோதிரத்துக்கும் 18 காரட் உறுதியானது. ஆனால் விலை தரத்துக்கு ஏற்றபடி குறைந்திருக்க வேண்டும். 22 காரட் 12,500 ரூபாய் என்றால் 18 காரட் கிராமுக்குச் சுமார் 10,235 ரூபாய், 9 காரட் சுமார் 5,120 ரூபாய். கணக்கிட எளிய வழி: 22 காரட் விலையை 916-ஆல் வகுத்து, 750 அல்லது 375-ஆல் பெருக்குங்கள். கடை சொல்லும் விலை இதைவிடத் தூக்கலாக இருந்தால் காரணம் கேளுங்கள். செய்கூலி எவ்வளவு என்பதையும் பாருங்கள். தங்கம் குறைவான நகையில் மொத்த விலையில் கூலியின் பங்கு பெரிதாகிவிடும். விற்கும்போது இழப்பும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

நகைச் சீட்டு கட்டுகிறவர்களுக்கு

"11 மாசம் கட்டுங்க, சேதாரம் இல்லாம வாங்குங்க" என்பது நம் ஊரில் பழகிய திட்டம். ஏன் 11 மாதம்? பொருளுக்காக நிறுவனங்கள் வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும், விதிகள் கடுமையாகும்.

சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாதா மாதம் கட்டும் பணம் அன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கப்படுமா, இல்லை பணமாகவே இருக்குமா? விலை ஏறும் காலத்தில் கிராமாக ஏறுவதுதான் நல்லது. சேதாரச் சலுகை எத்தனை சதவீதம் வரை? 14% வரை இலவசம், உங்களுக்குப் பிடித்த மாடலோ 20% என்றால் மீதி 6 சதவீதத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். இடையில் நிறுத்தினால் என்ன கிடைக்கும்?

முக்கியமாக, இது வங்கி டெபாசிட் அல்ல. வங்கிப் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, இதற்கு இல்லை. கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்?

வாங்கிய நகையை பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் நீங்களே கொடுத்துச் சோதிக்கலாம். 4 நகை வரை 200 ரூபாய். 5 அல்லது அதற்கு மேல் என்றால் நகைக்கு 45 ரூபாய். வரி தனி. மையங்களின் பட்டியல் பிஐஎஸ் இணையதளத்தில் இருக்கிறது.

முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைவாக இருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. 916 என்று விற்ற 8 கிராம் செயின் 833 என்று வந்தால் குறைவு 0.664 கிராம் சுத்தத் தங்கம். மேலே எடுத்த விலையில் சுமார் 9,000 ரூபாய். இழப்பீடு சுமார் 18,000.

புகாரை பிஐஎஸ் கேர் செயலியிலேயே கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். ஆனால் எதற்கும் பில் வேண்டும். "பில் இல்லாம எடுத்தா ஜிஎஸ்டி மிச்சம் சார்" என்று யாராவது சொன்னால், 3% மிச்சம் பிடிக்கப் போய் இந்த உரிமை முழுவதையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று அர்த்தம்.

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய கேள்விகள்

- இன்றைக்கு 22 காரட் கிராம் விலை என்ன? (செய்தியில் பார்த்ததோடு ஒத்துப்போகிறதா?)
- ஹெச்யுஐடி எங்கே இருக்கு, காட்டுங்க. (அங்கேயே செயலியில் போட்டுப் பாருங்கள்.)
- மொத்த எடை எவ்வளவு, கல் எடை எவ்வளவு, நிகர எடை எவ்வளவு? (தராசு பூஜ்யத்தில் இருக்கும்போது நகையை வைக்கச் சொல்லுங்கள்.)
- சேதாரமும் செய்கூலியும் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய்? (சதவீதமாக வேண்டாம், ரூபாயில் கேளுங்கள்.)
- இதையே திருப்பிக் கொடுத்தா பணமா எவ்ளோ, மாத்தி எடுத்தா எவ்ளோ? (பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.)

நான்காவது கேள்வியை மட்டும் மறக்க வேண்டாம். "பதினெட்டு பர்சென்ட்" என்று காதில் விழும்போது சின்னதாகத் தெரிவது, "பதினெட்டாயிரம் ரூபாய்" என்று கேட்கும்போது அதன் உண்மையான அளவில் தெரியும். பேரம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.